வரி இல்லை... ஆனா உள்ளே விட மாட்டாங்க! ஆஸ்திரேலியாவில் படகு டிரெய்லர் விற்க என்னென்ன சட்டம்?

நாகப்பட்டினத்திலோ, சென்னை நொச்சிக்குப்பத்திலோ ஒரு பைபர் படகைக் கரையேற்ற ஒரு டிராக்டர் போதும். மணலில் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறவர்களின் படகு பெரும்பாலும் கடலோரத்தில் கிடப்பதில்லை. வீட்டு வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை விடிந்ததும் அந்த டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டி, நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு வண்டியாக 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள்.

அதாவது, ஒன்றரை டன் எடையுள்ள ஒரு பொருள், இன்ஜின் இல்லாமல், டிரைவர் இல்லாமல், ஒரு இரும்புக் குண்டையும் ஒரு சங்கிலியையும் நம்பி ரோட்டில் ஓடுகிறது. கொக்கி கழன்றால் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கக்கூட நேரம் இருக்காது. பார்க்க நாலு இரும்புச் சட்டமும் இரண்டு சக்கரமுமாக இருக்கிற இந்தப் பொருளுக்கு, ஒரு காருக்கு இருப்பதைப் போலவே சட்டம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இது இப்போது ஏன் பேச்சாகிறது?

இரண்டு காரணம். ஒன்று, 2022 டிசம்பர் 29 முதல் இந்தியா - ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் இருந்து போகும் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே இறக்குமதி வரி கிடையாது. இரண்டாவது, 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா பல இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதம் வரை ஏற்றியது. அதற்குப் பிறகு, அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்த ஏற்றுமதியாளர்கள் வேறு சந்தை தேட ஆரம்பித்தார்கள். இரும்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, துத்தநாகப் பூச்சு கொடுத்து அனுப்பும் வேலை தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளுக்குப் புதிதல்ல. படகு டிரெய்லர் என்பது சாராம்சத்தில் அந்த வேலைதான்.

ஆனால், வரி இல்லை என்பதற்கும் விற்கலாம் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. சீனாவில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் டிரெய்லர் இறக்கி விற்கும் ஆஸ்திரேலிய வியாபாரிகளே அடிக்கடி தடுக்கி விழுவது அந்த இடைவெளியில்தான்.

முதல் கேள்வி: யார் தயாரிப்பாளர்?

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்த டிரெய்லரைக் கன்டெய்னரில் வாங்கி, இறக்கி, விற்கிறவரைக் கேட்டால் ‘நான் வெறும் வியாபாரிங்க, செஞ்சது அவங்க’ என்பார். ஆஸ்திரேலியச் சட்டம் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாது.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 7-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பொருளைச் செய்த நிறுவனத்துக்கு ஆஸ்திரேலியாவில் அலுவலகம் இல்லை என்றால், அதை இறக்குமதி செய்தவர்தான் தயாரிப்பாளர். அவர் ஒரு வெல்டிங்கூட வைத்திருக்க மாட்டார். ஆனாலும் அவர்தான் தயாரிப்பாளர். தன் கடைப் பெயரையே பிராண்டாக ஒட்டி விற்றாலும் அதே கதை.

இதன் அர்த்தம் என்ன? அச்சு முறிந்து ஒருவருக்குக் காயம்பட்டால், அவர் சீனாவுக்கோ இந்தியாவுக்கோ போய் வழக்குப் போட வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் இறக்குமதியாளர் மேலேயே போடலாம். விற்ற பொருளால் யாராவது இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோ, அது தெரிய வந்த இரண்டு நாளுக்குள் விற்பனையாளர் அரசுக்கு எழுத்துமூலம் சொல்லியாக வேண்டும். ‘என் பொருளால்தான் நடந்ததா என்று இன்னும் தெரியவில்லையே’ என்று காத்திருக்க முடியாது.

விலை 1,00,000 ஆஸ்திரேலிய டாலர் வரை இருக்கும் எந்தப் பொருளுக்கும் இந்த நுகர்வோர் உத்தரவாதம் தானாகவே பொருந்தும். 2021 ஜூலை 1-க்கு முன்னால் இந்த வரம்பு 40,000 டாலராக இருந்தது. படகு டிரெய்லர்களில் அநேகமாக எல்லாமே இந்த வரம்புக்குள் வந்துவிடும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்துக்கொண்டாலும் இந்த உத்தரவாதத்தை எழுதித் தள்ளிவிட முடியாது.

ஒரு கன்டெய்னரை இறக்கத் திட்டமிடுகிறவர் மற்ற எல்லாக் கணக்கையும் போடுவதற்கு முன்னால் இந்த ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். லாபம் வியாபாரியுடையதாக இருக்கும். பொறுப்பும் வியாபாரியுடையதாகவே இருக்கும்.

2021 ஜூலையில் என்ன மாறியது?

அதுவரை 1989-ம் ஆண்டு மோட்டார் வாகனத் தரச் சட்டம் இருந்தது. சிறிய டிரெய்லர்களைப் பொறுத்தவரை அது ஒரு நம்பிக்கை ஏற்பாடு. 4.5 டன்னுக்கு உட்பட்ட டிரெய்லர் என்றால், செய்தவரோ இறக்கியவரோ ‘இது விதிப்படி இருக்கிறது’ என்று தாமே சான்று சொல்லி, ஒரு தகட்டை அடித்துவிடலாம். பெரும்பாலானோர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒழுங்காகச் செய்யாதவர்களைக் கண்டுபிடிக்க, ஒன்று விபத்து நடக்க வேண்டும். இல்லை பதிவு அலுவலகத்தில் யாராவது குனிந்து பார்க்க வேண்டும்.

2018-ல் நிறைவேற்றப்பட்ட சாலை வாகனத் தரச் சட்டம் 2021 ஜூலை 1 அன்று முழுமையாக அமலுக்கு வந்தது. கூடவே வந்தது ‘அங்கீகரிக்கப்பட்ட வாகனங்களின் பதிவேடு’. ஆர்.ஏ.வி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வியாபாரமாக இறக்கப்படும் புது வாகனம் விற்பனைக்குப் போகும் முன் இந்த இணையப் பதிவேட்டில் அதன் 17 இலக்க அடையாள எண் ஏற வேண்டும். காருக்கு இருப்பதைப் போலவே டிரெய்லருக்கும் 17 இலக்க எண்தான். எண் ஏறவில்லை என்றால் அதை விற்பதே சட்டப்படி குற்றம். வாங்கியவர் பதிவு அலுவலகத்துக்குப் போனாலும் நம்பர் பிளேட் கிடைக்காது.

தகடு அடிப்பது ஒரு இரும்பு வேலை. பதிவேட்டில் ஏற்றுவது ஒரு வாக்குமூலம். யார் ஏற்றினார், எந்த அனுமதியின் கீழ் ஏற்றினார் என்று எல்லாமே தடயமாக நிற்கும். பழைய முறையோடு ஒப்பிட்டால் இதுதான் உண்மையான மாற்றம். வியாபாரிகள் முணுமுணுப்பதும் இதைப் பற்றித்தான்.

அனுமதி வாங்குவது அவ்வளவு கஷ்டமா?

எத்தனை டிரெய்லர் விற்கிறார் என்பதைப் பொறுத்தது. 12 மாதத்தில் நான்கு, அல்லது அதற்கும் குறைவு என்றால் கொஞ்சம் எளிமையான வழி இருக்கிறது. நான்கைத் தாண்டினால் ‘வகை அனுமதி’ வேண்டும். ஒரு மாடலை எடுத்து, அது ஒவ்வொரு தரவிதிக்கும் பொருந்துகிறது என்று ஆதாரத்தோடு காட்டி, அந்த மாடல் முழுமைக்கும் வாங்கும் அனுமதி இது. விண்ணப்பம் எல்லாம் ‘ரோவர்’ என்ற அரசு இணையதளத்தில்தான்.

படிவம் நிரப்புவது பெரிய விஷயமில்லை. கஷ்டம், அந்தப் படிவத்தில் இருக்கும் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. வடிவமைப்பு, உதிரிபாகம், உற்பத்தி ஆகிய எல்லாக் கட்டங்களிலும் தனக்குப் போதிய கட்டுப்பாடு இருக்கிறது என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். இணையச் சந்தையில் படம் பார்த்து, விலை பேசி, முன்பணம் அனுப்பிய வியாபாரிக்கு அப்படி என்ன கட்டுப்பாடு இருக்கும்? தொழிற்சாலைக்காரர் அடுத்த மாதமே அச்சுக் குழாயை அரை மில்லிமீட்டர் மெல்லிசாக மாற்றினால் இவருக்குத் தெரியவே தெரியாது. அனுமதி வாங்கிய மாடல் ஒன்று, வந்து இறங்கிய மாடல் ஒன்று என்றாகிவிடும்.

எனவே, ஒழுங்காக நடத்துகிறவர்கள் தொழிற்சாலையோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடுகிறார்கள். வரைபடத்தை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அரசுத் தரப்பில் பரிசோதிக்க வந்தால் கதவைத் திறக்க வேண்டும், எந்தத் தொகுதி இரும்பில் எந்த டிரெய்லர் செய்யப்பட்டது என்று கணக்கு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு இந்த மாதிரி கணக்கு வழக்கு பழக்கம்தான். சொல்லப்போனால் விலையைவிட இதுதான் அவர்களுடைய பலமாக இருக்க முடியும்.

இன்னொரு விஷயம். அனுமதி கைக்கு வருவதற்கு முன்னால் சரக்கைக் கப்பலில் ஏற்றக் கூடாது. ‘வந்து சேர ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள அனுமதி வந்துடும்’ என்று ஏற்றிவிட்டால், துறைமுகத்தில் கன்டெய்னர் நிற்க, நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் திருப்பி அனுப்பவும் நேரலாம்.

‘பிரித்து அனுப்பினால் உதிரிபாகம்தானே’ என்று ஒரு குறுக்கு யோசனையும் சந்தையில் உலவுகிறது. சட்டத்தைத் தட்டையாக மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பினால் கன்டெய்னரில் அதிகம் அடங்கும், சரக்குக் கட்டணம் மிச்சம். அதுவரை சரி. ஆனால் அங்கே போய் அதை முடுக்கி, சக்கரம் மாட்டி, டிரெய்லராக விற்கிறவர் அதன் தயாரிப்பாளராகிவிடுகிறார். கடமை காணாமல் போவதில்லை, ஆள்தான் மாறுகிறார்.

ஏ.டி.எம். என்றால் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை

டிரெய்லர் உலகத்தில் ஏ.டி.எம். என்பது ஒரு எடை. வண்டியில் மாட்டாமல் தனியாக நிற்கும் டிரெய்லரும், அதன் மேல் உள்ள சுமையும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை கிலோ இருக்கலாம் என்ற வரம்பு. வண்டியில் மாட்டிய பிறகு சக்கரங்கள் மேல் மட்டும் இறங்கும் எடைக்கு ஜி.டி.எம். என்று பெயர். கொக்கி மேல் விழும் பாரம் இதில் சேராது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

பிரேக் சட்டம் முழுக்க இந்த எடையைச் சுற்றியே இருக்கிறது. ஜி.டி.எம். 750 கிலோ வரை பிரேக்கே தேவையில்லை. 750-ஐத் தாண்டினால் குறைந்தது ஒரு அச்சின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். 2,000 கிலோ வரை, முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முட்டும் அழுத்தத்திலேயே வேலை செய்யும் எளிய பிரேக் போதும். 2,000 கிலோவைத் தாண்டினால் ஆட்டமே மாறிவிடும். எல்லாச் சக்கரத்திலும் பிரேக், அதை டிரைவர் இருந்த இடத்தில் இருந்தே இயக்கும் வசதி, டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகவே பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடி நிற்கும் அவசரக் கருவி என எல்லாம் வேண்டும்.

அந்த அவசரக் கருவிக்கு ஒரு பேட்டரி உண்டு. அந்த பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று டிரைவர் தன் இருக்கையில் இருந்தே பார்க்கும் வசதி வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. தேசிய விதிப்படி எல்லாம் சரியாகச் செய்த டிரெய்லரும் சிட்னிக்குள் நுழையும்போது ஒரு குறையோடு நிற்கும். தயாரிப்பு விதி கூட்டாட்சி அரசு கையில், சாலையில் ஓட்டும் விதியும் பதிவும் மாநிலங்கள் கையில் என்பதால் வருகிற வினை இது. விற்கிறவர் எந்த மாநிலத்து ஆளுக்கு விற்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது சந்தையில் உள்ள விளம்பரங்களைப் பாருங்கள். 1,990 கிலோ என்று தகடு அடித்த டிரெய்லர்கள் வரிசையாக இருக்கும். அது தற்செயல் இல்லை. 2,000-ஐத் தாண்டினால் பிரேக் செலவு எகிறும் என்பதால், அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிடுகிறார்கள். சட்டப்படி அதில் தப்பில்லை. தப்பு நடப்பது அதன் மேல் படகை ஏற்றும்போது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தகட்டில் 1,990 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். படகுக்கு மீதி 1,490. விளம்பரத் தாளில் படகும் மோட்டாரும் சேர்ந்து 1,250 கிலோ என்று போட்டிருக்கிறது. தாராளமாக அடங்கும் என்று தோன்றும். ஆனால் அது காலிப் படகின் எடை. 200 லிட்டர் பெட்ரோல் ஊற்றினால் அதுவே சுமார் 150 கிலோ. நங்கூரம், அதன் சங்கிலி, இரண்டு பேட்டரி, ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட், குடிதண்ணீர், தூண்டில் சாமான் என்று இன்னொரு 100 கிலோ. 1,500 ஆகிவிட்டது. ரோட்டில் ஏறும் முன்பே வரம்பு தாண்டியாயிற்று.

படகையும் டிரெய்லரையும் ஒரே ஜோடியாகச் சேர்த்து விற்ற கடைக்காரர் இங்கே மாட்டுவார். ‘வாங்கியவர் அதிகமாக ஏற்றிவிட்டார்’ என்று அவர் சொல்ல முடியாது. டேங்க்கை நிரப்பினாலே தாங்காத டிரெய்லர், அந்தப் படகுக்குப் பொருத்தமான டிரெய்லரே இல்லை. நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நுகர்வோர் உத்தரவாதம் அங்கேயே உடைகிறது. அதிக எடையோடு விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்.

அமெரிக்காவில் ஓடிய டிரெய்லர் இங்கே ஓடாதா?

ஓடும். சட்டப்படி ஓடாது. ‘அமெரிக்காவிலேயே ஓடுகிற வண்டிக்கு என்ன குறை’ என்று நினைத்துப் பழைய அமெரிக்க டிரெய்லரைப் படகோடு சேர்த்து இறக்குகிறவர்கள் உண்டு. குறை தரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 102 அங்குலம், அதாவது சுமார் 2.59 மீட்டர் அகலம் வரை போகலாம். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் அகலம் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 9 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அதைக் குறைக்கச் சட்டத்தை அறுத்து, அச்சை வெட்டித் திரும்ப ஒட்ட வேண்டும்.

விளக்கிலும் சிக்கல். அமெரிக்காவில் பிரேக் விளக்கும் திரும்பும் விளக்கும் ஒரே சிவப்பு விளக்காக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் திரும்பும் விளக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில்தான் எரிய வேண்டும். வயரிங்கே மாற வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சின்னது, எல்லாவற்றையும்விட ஆபத்தானது கொக்கிக் குண்டு. அமெரிக்கக் குண்டு 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். ஆஸ்திரேலியக் குண்டு 50 மில்லிமீட்டர். அமெரிக்கக் கொக்கியை ஆஸ்திரேலியக் குண்டின் மேல் வைத்தால் அழகாக உட்காரும். மூடினால் மூடும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 0.8 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ளே இருக்கும். மேடு பள்ளத்தில் அது தூக்கி அடித்துக்கொண்டே இருக்கும். கழன்றால் காப்பாற்றுவதற்குத்தான் பாதுகாப்புச் சங்கிலி: 2,500 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. சங்கிலியும் கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்றாக இருந்தால் ஆகாது, தரக் குறியீடு பொறித்ததாக இருக்க வேண்டும்.

கடலைத் தாண்டி வரும் பூச்சி

வாகன விதிகளோடு தொல்லை முடிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் இன்னும் இரண்டு வாசல் இருக்கிறது.

முதலாவது, ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் அங்கே முழுத் தடை. ஒரு துளி இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். பிரேக் கட்டை, கேஸ்கட் மாதிரியான பாகங்களில்தான் இது ஒளிந்திருக்கும். சில நாடுகளில் மிகக் குறைந்த அளவு இருந்தாலும் ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது’ என்று எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் ஆஸ்திரேலியாவில் செல்லாது. 2012-ல் கிரேட் வால், செரி என்ற இரண்டு சீன பிராண்டுகளின் சுமார் 23,000 வாகனங்கள் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குப் பிறகு எல்லையில் கெடுபிடி அதிகம்.

இரண்டாவது, ஒரு நாற்றப் பூச்சி. பழுப்பு நிறத்தில் நம் ஊர் கொல்லைப்புறத்தில் காணும் பூச்சி மாதிரிதான் இருக்கும். குளிர்காலத்தில் இரும்புக் குழாய், வாகனச் சந்து பொந்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். பழத்தோட்டங்களைச் சீரழித்துவிடும் என்பதால் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் இதைக் கண்டு நடுங்குகின்றன. 2018 பிப்ரவரியில் ஜப்பானில் இருந்து கார் ஏற்றி வந்த கப்பல்களை இந்தப் பூச்சிக்காக நியூஸிலாந்து திருப்பியே அனுப்பியது. ஆஸ்திரேலியா ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, அமெரிக்கா உள்ளிட்ட பட்டியல் நாடுகளில் இருந்து கப்பலேறும் வாகனச் சரக்கை வெப்பத்தாலோ புகையாலோ சுத்திகரிக்கச் சொல்கிறது. டிரெய்லர் சட்டம் உள்ளே பொந்து விழுந்த குழாய். பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

சக்கரத்தில் ஒட்டிய மண்ணுக்கும் இதே கதி. பழைய டிரெய்லரை இறக்குகிறவர்கள் நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகு இன்னொரு முறையும் கழுவுவது வீண் வேலை இல்லை.

வரிக் கணக்கு

பொதுவான இறக்குமதி வரி 5 சதவீதம். அதன் மேல், சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 10 சதவீத ஜி.எஸ்.டி. இந்தியாவோடும் சீனாவோடும் ஒப்பந்தம் இருப்பதால் முதல் 5 சதவீதம் பல பொருட்களுக்கு விழாது. ஆனால் அந்தச் சலுகைக்குப் பொருளின் பிறப்பிடச் சான்று வேண்டும். வேறு நாட்டில் செய்து வந்த சட்டத்தை இந்தியாவில் பெயின்ட் மட்டும் அடித்து அனுப்பினால் அது இந்தியப் பொருள் ஆகாது.

இந்தியாவிலும் சட்டம் இந்த விஷயத்தில் சளைத்தது இல்லை என்பதை இங்கே சொல்லிவிடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, இன்ஜின் இல்லாத டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, விதிக்கு மாறான வாகனத்தை விற்கும் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், டீலர் மூன்று பேரையும் ஒரே தட்டில் வைத்து, ஓராண்டு வரை சிறை, அல்லது வாகனம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கேரவன் டிரெய்லரோ படகு டிரெய்லரோ இறக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் படிக்க வேண்டிய வரி அது.

இவ்வளவு கெடுபிடி நியாயமா?

சின்ன வியாபாரிகள் இல்லை என்கிறார்கள். ஆண்டுக்கு பத்துப் பதினைந்து டிரெய்லர் விற்கும் ஒருவரும், ஆயிரக்கணக்கில் விற்கும் நிறுவனமும் ஒரே மாதிரி ஆதாரக் கோப்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது. பெரியவருக்கு அது ஒரு பிரிவின் வேலை. சின்னவருக்கு அது அந்த ஆண்டு லாபம். இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் கேரவன் வாங்கியவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2022-ல் வெளியிட்டது. பதில் சொன்ன 2,000-க்கும் மேற்பட்டோரில் சுமார் 80 சதவீதம் பேர், புதிதாக வாங்கியதிலேயே கோளாறு என்றார்கள். கேரவன் வேறு, படகு டிரெய்லர் வேறு. குறை இருக்கிறவர்தான் இப்படிக் கணக்கெடுப்பில் முன்வந்து பேசுவார் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், தாமே சான்று சொல்லிக்கொள்ளும் முறையை அப்படியே விட்டுவைக்கலாம் என்று அந்த எண்ணைப் பார்த்துவிட்டு யாராலும் வாதாட முடியாது. படகு டிரெய்லரின் நிலைமை ஒருபடி மோசம் என்றுகூடச் சொல்லலாம். அது வாராவாரம் உப்புத் தண்ணீரில் முங்கி எழுகிறது. பேரிங்கும் பிரேக்கும் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். முதல் நாளே சுமாராக இருந்த பொருள் மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கும்?

வாங்குகிறவர் என்ன பார்க்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழர்கள் படகு வாங்கும்போது அநேகமாக மோட்டாரைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். டிரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. குனிந்து, இழுக்கும் சட்டத்தின் பக்கத்தில் இருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். 17 இலக்க எண், தயாரிப்பாளர் பெயர், ஏ.டி.எம். எடை, செய்த மாதம், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணை அரசின் ஆர்.ஏ.வி. தேடல் பக்கத்தில் போட்டால் அது பதிவேட்டில் இருக்கிறதா என்று போனிலேயே தெரிந்துவிடும். கடை வாசலில் நின்றபடியே செய்யலாம். ‘பேப்பர் எல்லாம் அடுத்த வாரம் வந்துடும், இப்ப அட்வான்ஸ் கொடுங்க’ என்று கேட்டால், பேப்பர் வந்த பிறகே அட்வான்ஸும் வரும் என்று சொல்லிவிடலாம்.

தகட்டில் உள்ள எடையில் இருந்து டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்து, மீதியில் படகு, நிரம்பிய டேங்க், சாமான் எல்லாம் அடங்குமா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடலாம். இழுக்கும் வண்டியின் வரம்பும் முக்கியம். அங்கே பிரபலமான பிக்கப் வண்டிகள் பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும். அதே வண்டிகளுக்குப் பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோதான்.

2021 ஜூலைக்கு முன்னால் விற்கப்பட்ட பழைய டிரெய்லர் என்றால் அந்தப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அதற்காகப் பதற வேண்டாம், அப்போது அந்தப் பதிவேடே இல்லை. அதற்குப் பழைய தகடும் மாநிலப் பதிவும்தான் ஆதாரம். தனியாளிடம் வாங்கும்போது கடையில் கிடைக்கும் நுகர்வோர் உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது என்பதால், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்ப்பதும், பிரேக் டிஸ்க்கில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் வாங்குகிறவர் வேலை. தகடே இல்லை, அல்லது அதன் மேல் புது பெயின்ட் அடித்திருக்கிறது என்றால், விலை பேசுவதற்கு முன் அந்த மாநிலப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இந்த எண்ணில் ஒரு டிரெய்லர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.